காருக்கு இறக்கை கட்டும் முன்

பட்டுத் தறியிலும் அரிசி ஆலையிலும் உழைத்துச் சேர்த்த பணத்தில் திருவண்ணாமலை மாவட்டத்துக் களம்பூரில் ஒரு வீட்டுக்கு முதல் கார் வருகிறது. பெரும்பாலும் அது செகண்ட் ஹேண்ட் வண்டிதான். சில வாரத்தில் அந்த வீட்டுப் பிள்ளைக்கு அடுத்த ஆசை பிறக்கிறது. டிக்கி மேல் ஒரு பெரிய விங், முன் பம்பருக்குக் கீழே ஸ்ப்ளிட்டர், பக்கவாட்டில் ஸ்கர்ட், பின்னால் டிஃப்யூசர் எல்லாம் மாட்டிவிட வேண்டும். “வண்டி ரோட்டை விட்டு எழும்பாது, கிரிப் கூடும்” என்கிறார் விற்பவர். ஆசையில் தப்பில்லை. ஆனால் அந்த வாக்குறுதி எவ்வளவு உண்மை, அதற்காக நாம் எதையெல்லாம் பணயம் வைக்கிறோம் என்று தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

காற்று எப்போது உதவும்?

விமான இறக்கையைத் தலைகீழாகத் திருப்பினால் அது மேலே தூக்குவதற்குப் பதில் கீழே அழுத்தும். பந்தயக் காரின் விங் செய்வது இதைத்தான். இந்த அழுத்தம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். வேகம் பாதியானால் அழுத்தம் கால்பங்காகக் குறையும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 120 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உள்ள நல்ல விங் ஒன்று, தடையில்லாத காற்றில், மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் தரும் அழுத்தம் ஏறத்தாழ 7 கிலோ எடைக்குச் சமம். களம்பூர் ஆலையிலிருந்து வரும் 26 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றின் எடையளவுக்கு அது அழுத்த வேண்டுமென்றால், வண்டி மணிக்கு 150 கி.மீ. வேகத்தைத் தொட வேண்டும். இந்தியாவின் விரைவுச் சாலைகளில்கூட 120 கி.மீ.க்கு மேல் போக அனுமதி இல்லை. அப்படியிருக்க, ஆரணிச் சாலையில் இந்த விங்குக்கு வேலையே இல்லை. அதிலும் கூரையைத் தாண்டி வரும் காற்று கலைந்து வருவதால், டிக்கியை ஒட்டி உட்காரும் விங் இந்த 7 கிலோவைக்கூட முழுதாகத் தராது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் ஊரில் ஓடும் சிறிய கார்கள் பெரும்பாலும் முன்சக்கரத்தால் இழுக்கப்படுபவை. பின் அச்சுக்கும் பின்னால் இருக்கும் விங் வாலை அழுத்தும்போது, மூக்கின் மேலுள்ள எடை குறையும். இழுக்கவும் திருப்பவும் வேண்டிய சக்கரங்களின் பிடிதான் அதனால் தளரும். இதற்கு மேல் காற்றின் எதிர்ப்பும் கூடுவதால் எரிபொருள் செலவும் ஏறும்.

பயன் இல்லவே இல்லையா?

சரியான இடத்தில் இருக்கிறது. 1990களின் இறுதியில் ஜெர்மனியின் ஆட்டோபான் சாலைகளில் ஆடி டிடி என்ற புதிய ஸ்போர்ட்ஸ் கார் அதிவேகத்தில் தடுமாறி, உயிரிழப்பு நேர்ந்த விபத்துகள் நடந்தன. கம்பெனி அந்த வண்டிகளைத் திரும்ப அழைத்து, பின்பக்கம் ஒரு சின்ன ஸ்பாய்லரைப் பொருத்தியது. அத்தோடு நிற்காமல் சஸ்பென்ஷனையும் திருத்தி, வழுக்கலைத் தடுக்கும் இஎஸ்பி வசதியையும் சேர்த்தது. காற்றுச் சுரங்கத்தில் சோதித்து, முழு வண்டியோடும் பொருத்திப் பார்த்துச் செய்யும்போது ஸ்பாய்லர் உயிர் காக்கும். தனியாக வாங்கி ஒட்டும் துண்டுக்கு அந்தச் சோதனை எதுவும் நடந்திருக்காது.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்திலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ வண்டி ஓட்டுபவருக்கு விங் உண்மையிலேயே தேவைப்படலாம். அங்கே வேகம் இருக்கிறது, பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது, வண்டியைச் சரிபார்க்க ஆள் இருக்கிறார்கள். தளத்துக்கு மாட்டியதைச் சாலைக்கு வரும்போது கழற்றிவிடுவதே முறை.

ஆபத்து எங்கே?

1969ல் ஸ்பெயினின் மோன்ஜுயிக் தளத்தில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில், கிரகாம் ஹில், யோஹென் ரிண்ட் இருவரின் லோட்டஸ் கார்களிலும் உயரமான விங்குகள் முறிந்து, இரண்டு வண்டிகளும் தடுப்பில் மோதின. அடுத்த பந்தயமான மொனாக்கோவிலேயே உயர விங்குகளுக்குத் தடை வந்தது. தேர்ந்த பொறியாளர்கள் கட்டியதே முறிந்தது என்றால், டிக்கித் தகரத்தில் நான்கு ஓட்டை போட்டு முடுக்கியதை எவ்வளவு நம்பலாம்?

நம் சாலையில் வரக்கூடிய தொல்லைகள் இவை:

• டபுள் டேப்பில் ஒட்டியது வெயிலிலும் மழையிலும் பிடி தளர்ந்து, பின்னால் பைக்கில் வருபவர் மேல் விழலாம்.
• கூரான ஓரங்கள் நடந்துபோகிறவரைக் கிழிக்கும். வெளியே நீட்டும் பாகங்களின் முனை குறைந்தது 2.5 மி.மீ. வளைவுடன் இருக்க வேண்டும் என்பது ஐ.நா.வின் வாகன விதி. மோதி உடைந்த ஃபைபர் கத்தியைப் போன்றது.
• விங் பின்கண்ணாடிப் பார்வையையும், மேலே உள்ள மூன்றாவது பிரேக் விளக்கையும் மறைக்கலாம்.
• பாடி கிட் பார்க்கிங் சென்சாரை மூடலாம். தாழ்ந்த ஸ்ப்ளிட்டர் வேகத்தடையில் இடித்து உடையும்.
• ஓட்டை போட்ட இடத்தில் தண்ணீர் இறங்கித் துரு பிடிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, 182ஏ(4) பிரிவில், அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். விங், ஸ்கர்ட், ஸ்ப்ளிட்டர் மூன்றும் அனுமதியற்ற மாற்றம் என்று முடிவானால் அபராதமும் மூன்று முறை. முன்பம்பரில் மாட்டும் இரும்புத் தடுப்புகளை அனுமதிக்க வேண்டாம் என்று மத்திய அரசு 2017லேயே மாநிலங்களுக்கு எழுதியதும் இதே காரணத்தால்தான்.

கம்பெனியின் சொந்த அக்சஸரி பட்டியலில் உங்கள் மாடலுக்கென்றே உள்ள சின்ன ஸ்பாய்லரும், வண்டியின் நீள அகலத்தைத் தாண்டி நீட்டும் விங்கும் ஒன்றல்ல. முதலாவதில் சிக்கல் வர வாய்ப்பு குறைவு. இரண்டாவதைப் பொருத்தும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழிச் சம்மதம் சாலைச் சோதனையில் உதவாது.

இன்சூரன்ஸும் வாரண்டியும்

பாலிசி எழுதும்போது வண்டி எப்படி இருந்ததோ, அதை வைத்தே இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பேற்கிறது. பிறகு செய்த மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால், விபத்துக்குப் பின் கிளெய்ம் தொகை குறையலாம், மறுக்கப்படவும் கூடும். அனுமதியோடு பொருத்திய பாகத்தின் விலையைப் பாலிசியில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். சேர்க்காத பாகம் உடைந்தால் அதன் விலை கிடைப்பது கடினம்.

கிளெய்மை மறுத்துவிட்டால் அதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று ஒதுங்க வேண்டாம். பாலிசி நிபந்தனையை மீறியதாகச் சொல்லி கம்பெனி முழுத் தொகையையும் மறுத்த அமலேந்து சாஹூ வழக்கில், பாலிசி எடுத்தவருக்கு ஒரு தொகையைக் கொடுக்க 2010ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியிடமே புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் தீர்வு வராவிட்டால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மன்) போகலாம். அங்கே கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. வாரண்டியும் அப்படித்தான்: வெளியில் போட்ட பாகத்தால் வந்த பழுதைக் கார் கம்பெனி ஏற்காது. சம்பந்தமே இல்லாத பழுதுக்கும் அதையே காரணம் காட்டினால் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

ஏமாந்துவிட்டால் எங்கே போவது?

“ஆர்.டி.ஓ. அப்ரூவ்டு”, “மைலேஜ் கூடும்” என்று சொல்லி விற்ற பொருள் அப்படி இல்லையென்றால், அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ன்படி முறையற்ற வணிகம். பொருத்திய பாகம் கழன்று விழுந்து காயமோ சேதமோ ஏற்பட்டால் தயாரித்தவர், விற்றவர், பொருத்தியவர் ஆகியோரிடம் இழப்பீடு கேட்க அதே சட்டம் வழி தருகிறது.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழையுங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் உங்கள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். விற்றவர் டில்லியில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்தை வைத்துத் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ஜிஎஸ்டி பில், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, பாகத்தின் படம் ஆகியவைதான் உங்கள் சாட்சிகள். பில் வேண்டாம் என்று சொல்லி வரியை மிச்சம் பிடித்தால், இந்தப் பாதுகாப்பின் பெரும்பகுதியை நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்கள்.

பணம் கொடுக்கும் முன்

செகண்ட் ஹேண்ட் வண்டியில் ஏற்கெனவே விங் இருந்தால், ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அனுமதிக் கடிதம் இல்லையென்றால், விற்பவர் செலவிலேயே கழற்றித் தரச் சொல்லி, அதன்பின் பெயர் மாற்றுங்கள். இல்லையென்றால் அவர் செய்த மாற்றத்துக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

கிரிப் வேண்டுமென்றால் அதே பணத்தை டயரில் போடுங்கள். தேய்ந்த டயரை மாற்றி, காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, வீல் அலைன்மென்ட் செய்து, பிரேக் பேடைப் பாருங்கள். இவை 40 கி.மீ. வேகத்திலும் வேலை செய்யும், மழையிலும் வேலை செய்யும், எந்த அதிகாரியிடமும் அனுமதி கேட்க வேண்டாம். தேவையில்லாத ரூஃப் கேரியரைக் கழற்றினாலே காற்றின் எதிர்ப்பு குறையும். அழகுக்காகத்தான் ஸ்பாய்லர் வேண்டுமென்றால், உங்கள் மாடலுக்கென்று கம்பெனி தரும் சின்னதை அதன் சர்வீஸ் சென்டரில் பில்லோடு பொருத்தி, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்துவிடுங்கள். இந்த ஆசைக்குச் சட்டத்திலும் சாலையிலும் இடமுள்ள வழி அதுதான்.