வென்றாகிவிட்டது, இனி என்ன செய்வது?

"உங்கள் ஊரில் நடிகர் என்றால் போதும், முதலமைச்சர் ஆக்கிவிடுவீர்களாமே?" தமிழகத்துக்கு வெளியே வாழும் நம்மில் பலர் அலுவலகத்திலோ அண்டை வீட்டிலோ ஒருமுறையாவது கேட்டிருக்கக்கூடிய கேள்வி இது. பெரும்பாலோர் சிரித்து மழுப்பிவிடுகிறோம். சற்று விவரமானவர்கள், 1983-ல் ஆந்திரம் என்.டி.ராமராவை முதல்வராக்கியதையும், 1984-ல் அலகாபாத் அமிதாப் பச்சனை மக்களவைக்கு அனுப்பியதையும் நினைவூட்டுவார்கள். நல்ல பதில்தான். இதைவிட நல்ல பதில் ஓர் அமெரிக்கப் படத்தில் இருக்கிறது. 'தி கேண்டிடேட்' (வேட்பாளர்) என்ற அந்தப் படம் வெளிவந்தது 1972-ல். எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

நடிகர் ஒருவர் தலைவராகும் கதை அல்ல இது. நல்ல தலைவராகக்கூடிய ஒருவரை நடிகராக மாற்றிவிடும் கதை.

தோற்பதற்கென்றே ஒரு வேட்பாளர்

கலிபோர்னியா மாநிலத்தில் ஏழைகளுக்காக வாதாடும் இளம் வழக்கறிஞர் பில் மக்கே. தந்தை முன்னாள் கவர்னர். அங்கே கவர்னர் என்றால் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நம் முதலமைச்சரைப் போல. மகனுக்கோ அரசியல் வாடையே ஆகாது. செனட் தேர்தலில், பழம் தின்று கொட்டை போட்ட குரோக்கர் ஜார்மனை எதிர்த்து நிற்க ஆள் கிடைக்காத நிலையில், தேர்தல் நடத்துவதையே தொழிலாகக் கொண்ட மார்வின் லூகாஸ் மக்கேயைத் தேடி வருகிறார். எப்படியும் தோல்விதான், ஆகவே மனதில் பட்டதைத் தாராளமாகப் பேசலாம் என்கிறார். நீ தோற்பாய் என்று தீக்குச்சி அட்டையில் எழுதியும் காட்டுகிறார். அந்த உறுதியை நம்பித்தான் மக்கே களத்தில் இறங்குகிறார்!

பிறகு கருத்துக்கணிப்பு வருகிறது. தோல்வி மட்டுமல்ல, படுதோல்வி என்கிறது. மானம் போகாமல் தோற்க வேண்டுமே! அதற்காகப் பேச்சைச் சற்று மழுப்பச் சொல்கிறார்கள். நேராகப் பதில் சொன்னவர், அது ஆராயப்பட வேண்டிய விஷயம் என்று நழுவக் கற்றுக்கொள்கிறார். விளம்பரப் படம் எடுப்பவர் அவரை ஊர் ஊராகப் படம்பிடித்து, பேச்சை வெட்டி எறிந்து, களையான முகத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார். ஓட்டுகள் ஏறுகின்றன. ஆள் தேய்கிறார். பிரசாரத்தின் கடைசிக் கட்டத்தில், காரின் பின்சீட்டில் உட்கார்ந்து தன் மேடைப் பேச்சையே தலைகால் புரியாமல் உளறிக்கொண்டு போகிறார் மக்கே.

முடிவில் வென்றும் விடுகிறார். ஓட்டல் அறையில் லூகாஸைத் தனியே பிடித்து, இனி என்ன செய்வது என்று கேட்கிறார். பதில் வருவதற்குள் கூட்டம் உள்ளே புகுந்துவிடுகிறது. படம் அங்கே முடிகிறது.

படத்துக்கு வெளியே

மக்கேயாக நடித்தவர் ராபர்ட் ரெட்போர்ட். இயக்கியவர் மைக்கேல் ரிட்சி. ஆஸ்கார் பரிசு பெற்ற திரைக்கதையை எழுதிய ஜெரமி லார்னர், 1968-ல் யூஜின் மெக்கார்த்தியின் அதிபர் தேர்தல் பிரசாரத்துக்கு உரை எழுதிக் கொடுத்தவர். சமையலறைக்குள் இருந்து பார்த்தவரின் கைமணம் படம் முழுக்கத் தெரிகிறது.

தந்தையாக நடித்த மெல்வின் டக்ளஸின் மனைவி ஹெலன் கஹகன் டக்ளஸும் நடிகைதான். அமெரிக்க மக்கள் பிரதிநிதிகள் சபையில் 6 ஆண்டுகள் பணியாற்றி, 1950-ல் இதே கலிபோர்னியாவில் செனட்டுக்கு நின்று ரிச்சர்ட் நிக்சனிடம் தோற்றார். அதே மாநிலம் 1964-ல் ஜார்ஜ் மர்பி என்ற நடிகரை செனட்டராகவும், 1966-ல் ரொனால்ட் ரீகனையும் 2003-ல் அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகரையும் கவர்னராகவும் தேர்ந்தெடுத்தது. ரீகன் 1980-ல் அதிபர் தேர்தலிலும் வென்றார். நடிகருக்கு ஓட்டுப்போடுவது தமிழனின் தனிக்குணம் என்பவர்களிடம் இந்தப் பட்டியலை நீட்டலாம்.

ஆனால் பட்டியலோடு நின்றுவிடக் கூடாது. எம்.ஜி.ஆர். தி.மு.க.வில் சேர்ந்தது 1953-ல், மேலவை உறுப்பினரானது 1962-ல், பரங்கிமலையில் வென்று சட்டமன்றம் சென்றது 1967-ல், முதல்வரானது 1977-ல். திரைப்புகழ் கைகொடுத்தது என்பதை மறுப்பதற்கில்லை. அவர் ஆட்சியைப் பற்றி அவரவர்க்கு ஒரு கருத்தும் இருக்கலாம். ஆயினும் இடையில் 24 ஆண்டு அரசியல் இருந்தது. மக்கேக்கு அப்படி ஒரு பயிற்சி இல்லை. அவருக்கென்று இருந்த கொள்கையையும் சுற்றியிருந்தவர்கள் சுரண்டி எடுத்துவிட்டார்கள். எந்தத் தொழிலிலிருந்து வந்தார் என்பதைவிட, வருமுன் என்ன செய்தார், வந்தபின் என்ன செய்யப்போகிறார் என்பதல்லவா முக்கியம்?

நாம் செய்யக்கூடியது

இன்று நம் நாட்டிலும் தேர்தல் வியூகம் வகுக்க நிறுவனங்கள் வந்துவிட்டன. வழக்கறிஞரோ, விவசாயியோ, எவரையும் சுவரொட்டி நாயகனாக்க அவர்களால் முடியும். தமிழகமானாலும் நாம் பிழைக்க வந்த ஊரானாலும் இதுதான் நிலை. எனவே நம்மால் ஆனது ஒன்று: வேட்பாளரின் படத்தை மடித்து வைத்துவிட்டு, அவர் பேச்சை எழுத்தில் மட்டும் படித்துப் பார்ப்போம். தண்ணீருக்கும் பள்ளிக்கும் என்ன செய்வார், பணத்துக்கு எங்கே போவார் என்று அதில் இருக்கிறதா?

முதல் ஓட்டுப் போடவிருக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அவர்களோடு உட்கார்ந்து இந்தப் படத்தைப் பாருங்கள். இனி என்ன செய்வது என்று மக்கே கேட்டபோது தேர்தல் முடிந்திருந்தது. கைகூப்பிக்கொண்டு நம் வாசலுக்கு வருகிறவர்களிடம் அந்தக் கேள்வியை நாம் முன்கூட்டியே கேட்டுவிடலாம்.