அடிபட்ட ஆந்தை வீட்டுக்குள் வந்தால் யாரைக் கூப்பிடுவது?

மாடிப்படிக்கு அடியில் ஓர் ஆந்தை ஒண்டிக் கிடக்கிறது. ஒரு சிறகு தொங்குகிறது. கிட்டே போனால் அலகைச் சொடுக்கி மிரட்டுகிறது. வீட்டில் உடனே இரண்டு கட்சி. ஆந்தை வீட்டுக்குள் வந்தால் ஆகாது, விரட்டு என்கிறார் பாட்டி. பாவம், கொஞ்சம் பால் கொடுக்கலாம் என்கிறாள் பேத்தி. எனக்குப் பேத்தியை நினைத்தால்தான் அதிகக் கவலை. விரட்டினால் அது ஒரு மறைவிடத்துக்காவது தத்திப் போகும். அலகைப் பிரித்துப் பால் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி அங்கேயே செத்துப்போகலாம்.

பால் பறவைக்கு ஆகாது. தண்ணீரையும் புகட்டக் கூடாது. சோறு, பிஸ்கட் எதுவும் வேண்டாம். முதல் சில மணி நேரத்துக்கு அதற்குத் தேவை இருட்டும் அமைதியும்தான். நாம் தடவிக்கொடுப்பது அதற்கு ஆறுதல் அல்ல, பெரும் பயம். அந்த அதிர்ச்சியே உயிரைக் குடித்துவிடும். ஓர் அட்டைப்பெட்டியில் காற்றுத் துளைகள் போட்டு, பழைய பருத்தித் துணி விரித்துக்கொள்ளுங்கள். பறவையின் தலையோடு சேர்த்துத் துண்டைப் போர்த்தித் தூக்கி உள்ளே வைத்து மூடுங்கள். ஆந்தை, பருந்து என்றால் நகங்களில் கவனம். மாஞ்சா நூல் சுற்றியிருந்தால் இழுக்காதீர்கள். தொங்கும் நூலை மட்டும் வெட்டிவிட்டு, சதைக்குள் பதிந்ததை மருத்துவருக்கு விடுங்கள். பூனை கவ்விய பறவைக்கு வெளியே காயம் தெரியாவிட்டாலும் வைத்தியம் தேவை, பல் பட்ட இடத்தில் கிருமி இறங்கியிருக்கும்.

இறகு முளைத்துத் தரையில் தத்தும் குஞ்சு பெரும்பாலும் அடிபட்டதே அல்ல, பறக்கப் பழகுகிறது. பக்கத்துக் கிளையில் வைத்துவிட்டு விலகினால் தாய் வரும். மனிதர் தொட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு.

குரங்கு, கீரி, வௌவால் போன்றவற்றை வெறுங்கையால் தொடவே கூடாது. கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசம். பாம்பு அடிபட்டிருந்தாலும் பாம்புதான். எட்ட நின்று அது எங்கே போகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டு, தீயணைப்புத் துறையை 101-இல் அழையுங்கள்.

இதையெல்லாம் செய்யத் தயாராக இருப்பவர்களைக்கூடத் தயங்கவைப்பது ஒரு கேள்விதான்: நம்மேல் கேஸ் வருமோ? 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பயப்படவேண்டிய பகுதி வேறு. பிடிப்பதும் வேட்டைதான் என்கிறது அது. கூட்டைச் சேதப்படுத்துவதும் அதில் அடக்கம். அரசுச் சொத்தாகக் கருதப்படும் வன உயிர் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லவேண்டும் என்கிறது 39-ஆம் பிரிவு. காயம்பட்டதைக் காப்பாற்ற எடுத்து, உடனே தகவல் தருபவரைத் தண்டிப்பது இதன் நோக்கமல்ல. சிக்கல் குணமான பிறகுதான் தொடங்குகிறது. பச்சைக்கிளி தேறிவிடுகிறது, பெயர் வைத்தாகிவிட்டது, கூண்டும் வாங்கியாகிவிட்டது. எவ்வளவு பாசமாக வளர்த்தாலும் அது குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். மயில், உடும்பு போன்ற முதல் அட்டவணை உயிர்கள் என்றால் குறைந்தபட்சமே 3 ஆண்டு.

அழைக்கவேண்டியது வனச்சரக அலுவலகத்தை. அதன் எண்ணைத் தேவை வருமுன்பே கைபேசியில் போட்டுவைப்பது நல்லது, இரவில் தேடினால் கிடைக்காது. சென்னையில் 1959 முதல் இயங்கும் ப்ளூ கிராஸும், பெசன்ட் நினைவு விலங்கு மருந்தகமும் இருக்கின்றன. சிற்றூர்க்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. வனத்துறை ஜீப் வர நேரமாகும். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் முதலுதவி கேட்கலாம். வன உயிர் என்றதும் மருத்துவர் தயங்கினால், சரக அலுவலரிடமே போனில் பேசவையுங்கள். யாருமே வரவில்லையா? மாவட்ட வன அலுவலருக்குச் சொல்லுங்கள், அல்லது ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறையை 1077-இல் அழையுங்கள். எத்தனை மணிக்கு யாரிடம் பேசினீர்கள் என்று குறித்துவையுங்கள், பெட்டிக்குள் வைக்குமுன் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்படைக்கும்போது வாங்கிக்கொள்பவரின் பெயரையும் பதவியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், பறவை கிடைத்த இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள். தேறினால் அதைத் திரும்ப எங்கே விடுவது என்று முடிவுசெய்ய அவர்களுக்கு அது வேண்டும்.