சோம்பு வாசமும் செம்பனை வண்டும்

பூ எதற்காக மணக்கிறது? சாமிக்கும் கொண்டைக்கும் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பூவின் கணக்கு வேறு. செடிக்குக் கால் கிடையாது. ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவுக்குப் போய்ச் சேர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பூ அனுப்பும் அழைப்புதான் வாசம். பூவில் ஊறும் ஒருவகை எண்ணெய் ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. பூச்சி மோப்பம் பிடித்து வருகிறது. மல்லிகை பொழுது சாய்ந்து மணப்பதும் இரவில் பறக்கும் பூச்சிகளைக் கூப்பிடத்தான்.

நம்ம செம்பனைக்கு வருவோம். ஒரே மரம் ஒரு காலத்தில் ஆண் பூக்குலை தள்ளும். இன்னொரு காலத்தில் பெண் பூக்குலை தள்ளும். ஆண் பூ விரிந்தால், "என்னப்பா, சோம்பு வாசம் அடிக்குதே!" என்கிறோமே, அந்த வாசப் பொருளுக்கு எஸ்ட்ராகோல் என்று பெயர். அதை மோந்து 3, 4 மில்லிமீட்டர் நீளமுள்ள சின்ன வண்டுகள் கூட்டமாக வரும். அவற்றுக்குத் தீனியும் அங்கேதான், முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதும் அங்கேதான்.

பெண் பூ கெட்டிக்காரி. விரிந்த இரண்டு மூன்று நாளில் அதே வாசத்தை விட்டு விட்டு, கொஞ்சமாக வீசுவாள். வண்டு ஆசையாய் வரும். தின்ன ஒன்றும் இருக்காது; திரும்பிவிடும். உடம்பில் ஒட்டியிருந்த மகரந்தம் மட்டும் அங்கே தங்கும். காய் பிடித்துவிடும்.

செம்பனை ஆப்பிரிக்க மரம். 1917இல் சிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில் முதன்முதலாக வியாபாரத்துக்கு நட்டார்கள். மரம் வந்தது, வாசமும் வந்தது. வண்டு மட்டும் வரவில்லை. இங்கிருந்த சிறு பூச்சிகளின் உழைப்பு போதவில்லை. அதனால் நம் தாய்மார்கள் அந்த வேலையைச் செய்தார்கள். மகரந்தத்தை டால்கம் பவுடரில் கலந்து, ஒவ்வொரு பெண் பூவாகத் தேடி ஊதினார்கள். பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத் கேமரூன் நாட்டில் இந்த வண்டின் வேலையைக் கண்டறிந்தார். வேறு பயிருக்குக் கெடுதல் செய்யுமா என்று சோதித்த பின், 1981இல் ஜொகூரில் விட்டார்கள். வண்டு பெருகியது, மகசூல் கூடியது, மகரந்தம் ஊதும் வேலை நின்றது. வண்டுக்குச் சம்பளமும் இல்லை, சேமநிதியும் இல்லை!

வண்டின் மேல் நமக்குக் கோபமில்லை. குலை நன்றாகக் காய் பிடித்தால்தான் வெட்டுக்காரர் கையிலும் நாலு காசு சேரும். ஆகவே பூத்து முடிந்த ஆண் பூக்குலையை வீணாக வெட்டித் தள்ளாதீர்கள். அது வண்டுக்கு லயம், ஆயாக் கொட்டகை எல்லாம்.

ஆனால் ஒன்று. நாளைக்குப் புது வண்டோ புது இயந்திரமோ தோட்டத்துக்கு வந்தால், நாம் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி இது: "இந்த வேலையை இதுவரை செய்த கைகளுக்கு இனி என்ன வேலை?" வேலை போன பிறகு கேட்டால் பதில் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள். பூவே கூப்பிட வேண்டிய நேரத்தில் கூப்பிடுகிறது. நாமும் நேரத்தில் வாய் திறப்போம்.