குளிர் நாட்டில் கூந்தல்



தேங்காய் எண்ணெய் உறைந்து நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மார்கழி விடியலில் போத்தலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாது. முற்றத்து வெயிலில் சற்று நேரம் வைத்தால் உருகிவிடும். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே உறையத் தொடங்குவது அதன் குணம். கனடாவின் டொரண்டோ நகரில், என் மகள் வீட்டுக் குளியலறை அலமாரியில், நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்த எண்ணெய் தானாக உருகி நான் பார்க்கவே இல்லை. நாகூரிலிருந்து ஆசையோடு கொண்டுபோன இரண்டு போத்தல்களும் வெள்ளைக் கட்டிகளாகவே நின்றன.

மகளின் பேறுகாலத்துக்காகச் சென்றிருந்தேன். அல்ஹம்துலில்லாஹ், தாயும் சேயும் நலம். ஆனால் பிள்ளைக்கு மூன்றாம் மாதம் பிறந்தபோது, ஒரு நாள் காலை சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அழுதுகொண்டிருந்தாள். ஊரில் இருந்தபோது இடுப்பைத் தாண்டித் தொங்கிய கூந்தல் அவளுடையது. அப்போதோ தோளுக்குக் கீழே நுனிகள் வைக்கோல்போல் வெளுத்துக் கிடந்தன. நெற்றியோரம் மயிர்க்கோடு பின்வாங்கியிருந்தது. "உம்மா, நான் வழுக்கையாகிவிடுவேனா?" என்று அவள் கேட்டபோது, கண்ணேறு என்றும் அந்நாட்டுத் தண்ணீரின் குற்றம் என்றும் சொல்லத்தான் எனக்கும் வாய் வந்தது. நல்லவேளையாகச் சொல்லவில்லை.

உதிர்வது வேறு, ஒடிவது வேறு. இதை முதலில் பிரித்தறிய வேண்டும். சீப்பில் வரும் முடியின் அடியில் சிறு வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி. பிள்ளை பெற்ற இரண்டு முதல் நான்கு மாதங்களில் இப்படிக் கொத்துக்கொத்தாக உதிர்வது பல தாய்மார்களுக்கும் இயல்பு. கர்ப்பகாலத்தில் உதிராமல் தங்கிய முடியெல்லாம் சேர்ந்து அப்போது விடைபெறுகிறது. பெரும்பாலும் பிள்ளைக்கு ஒரு வயது நிறைவதற்குள் பழைய அடர்த்தி திரும்பிவிடும். திரும்பாவிட்டால் இரும்புச்சத்தையும் தைராய்டையும் மருத்துவரிடம் சோதித்துக்கொள்வது நல்லது. குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக வருகிறதா? அது ஒடிந்த முடி. அதற்குக் காரணம் நம் கையிலும் நாம் வாழும் காற்றிலும் இருக்கிறது. என் மகளின் சீப்பில் இரண்டும் கலந்திருந்தன.

காற்றின் கதையைக் கேளுங்கள். குளிர்ந்த காற்றுக்கு நீராவியைத் தாங்கும் சக்தி மிகக் குறைவு. சுழியத்துக்கு 10 டிகிரி கீழே உள்ள காற்று, ஒரு கன மீட்டருக்கு இரண்டு கிராமுக்குச் சற்று மேலாகத்தான் நீராவியைத் தாங்கும். 20 டிகிரி காற்றோ 17 கிராம் வரை தாங்கும். வெளியிலுள்ள அந்த வறண்ட காற்றை வீட்டுக்குள் இழுத்து, நிலவறையில் உள்ள அடுப்பு சூடாக்கி, தரையிலுள்ள துவாரங்கள் வழியே அறைகளுக்கு அனுப்புகிறது. சூடு ஏறுகிறது, ஈரம் ஏறுவதில்லை. ஆகவே அந்தக் காற்றில் இருப்பது அது தாங்கக்கூடிய ஈரத்தில் எட்டில் ஒரு பங்குதான். கடலோரத்தில் பிறந்து உப்புக்காற்றின் ஈரத்திலேயே வளர்ந்த கூந்தல் அங்கே என்ன செய்யும்? உதடு வெடிப்பதுபோல் முடியும் வறள்கிறது. சட்டையைக் கழற்றினால் சடசடவென்று மின்பொறி தெறிக்கிறது. சீப்பை எடுத்தால் முடி எழுந்து நிற்கிறது.

இந்த வறட்சிக்கு நாம் அறிந்த மருந்து எண்ணெய். நானும் மகளைப் பிடித்து உட்காரவைத்து, உறைந்த எண்ணெயைச் சுடுநீரில் உருக்கி, காய்ந்த தலையில் தேய்தேய் என்று தேய்த்தேன். பிசுக்குதான் மிஞ்சியது. என் பிழை என்னவென்று எனக்கு உணர்த்தியவர் ஒரு சோமாலியச் சகோதரி.

டொரண்டோவின் டிக்சன் சாலைப் பக்கத்தில் சோமாலிய முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். பள்ளிவாசலின் பெண்கள் பகுதியில் பழக்கமான அந்த அம்மையாருக்கு என் வயதிருக்கும். அவருக்கு நெருங்கிய சுருள்முடி. அப்படிப்பட்ட முடிக்குத் தலைத்தோலில் சுரக்கும் இயற்கை எண்ணெய் நுனிவரை வழிந்து இறங்காது. ஒவ்வொரு வளைவிலும் தங்கிவிடும். எனவே ஆப்பிரிக்க வழிவந்த பெண்கள் வறட்சியோடு காலமெல்லாம் போராடி ஒரு கலையையே வளர்த்து வைத்திருக்கிறார்கள். அவர் சொன்னது மிக எளிது. ஈரத்தைத் தருவது தண்ணீர். அதைப் பூட்டி வைப்பதுதான் எண்ணெய். காய்ந்த முடியில் எண்ணெய் தடவுவது வெற்று அறையைப் பூட்டுவதற்குச் சமம்.

ஆகவே முறை இது. தலை குளித்து, பழைய மெல்லிய பருத்திக் கைலியால் ஒற்றி எடுங்கள். துவாலையால் முறுக்கிப் பிழிய வேண்டாம். நனைந்த முடி பருத்து, இழுத்தால் நீளும் நிலையில் இருக்கும்; அப்போதுதான் அது மிகப் பலவீனமானது. பிசுபிசுவென்று ஈரம் இருக்கும்போதே நுனியிலிருந்து மேல்நோக்கி, அகன்ற பல் சீப்பால் சிக்கெடுங்கள். கழுவாமல் விடும் கண்டிஷனர் சிறிது தடவி, அதன்மேல் சில சொட்டு எண்ணெயை நுனிக்கும் நடுப்பகுதிக்கும் பூசுங்கள். சுருள்முடி உள்ளவர்கள் ஷியா வெண்ணெய் பூசுகிறார்கள். நம் நேர்முடிக்கு அது கனம்.

தேங்காய் எண்ணெயை நான் இழிவாகப் பேசுவதாக யாரும் கோபிக்க வேண்டாம். 2003-ஆம் ஆண்டில் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று, தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டது. முடியின் உள்ளே ஊடுருவிப் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. குளிப்பதற்கு முன்பே தடவி ஊறவிட்டாலும் இந்தப் பலன் கிட்டுகிறது. நம் பாட்டிமார்கள் குளிக்கும் முன் எண்ணெய் வைத்தது வீண்போகவில்லை!

சூடு என்னும் ஆபத்து

இனி, என் மகள் மறைத்து வைத்திருந்த கருவிக்கு வருகிறேன். முடியை நேராக்கும் மின்இடுக்கி அது. அதன் தகடுகள் 200 டிகிரியையும் தாண்டிச் சூடேறுபவை. தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஈரம் மிச்சமுள்ள முடியை அந்தத் தகடுகளுக்கிடையே வைத்தால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகி முடிக்குள்ளேயே குமிழிகளை உண்டாக்குகிறது. குமிழி விழுந்த இடத்தில் முடி ஒடிகிறது. அவளுடைய வைக்கோல் நுனிக்குக் காரணம் கண்ணேறு அன்று, இதுதான்.

"ஏனம்மா இதைச் செய்தாய்?" என்று கேட்டபோது அவள் சொன்ன பதில்தான் என்னை உலுக்கியது. குளிப்புக் கடமையான நாட்களில், சுப்ஹுக்கு முன் தலை குளித்தால் அடர்ந்த முடி காய மணிக்கணக்காகிறது. வெளியே சுழியத்துக்கு 15 டிகிரி கீழே. ஈரத்தலையோடு பேருந்துக்கு நின்றால் முக்காட்டுக்கு வெளியே நீண்ட முடி விறைத்துக் கம்பியாகிவிடுகிறது. ஒன்று, அவசரமாகச் சுட்டுக் காயவைக்க வேண்டும்; அல்லது குளிப்பைத் தள்ளிப்போட வேண்டும். இரண்டையும் அவள் செய்திருக்கிறாள். சில சுப்ஹுகள் களாவாகியிருக்கின்றன. முடி போனால் முளைக்கும். இது அப்படியா?

இங்கே சில விளக்கங்கள் தேவை. கடமையான குளிப்புக்கு ஷாம்பு நிபந்தனை அன்று; தண்ணீர் சேர்வதே நிபந்தனை. இறுக்கமான பின்னலை அவிழ்க்க வேண்டுமா என்று அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் கேட்டபோது, தலையில் மூன்று முறை நீரள்ளி ஊற்றினால் போதும் எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஹனஃபி மத்ஹபில் பெண்ணின் பின்னலில் வேர் நனைந்தால் போதும். ஷாஃபி மத்ஹபிலோ முடியின் உட்புறத்துக்கும் நீர் சேர வேண்டும். அவிழ்க்காமல் சேராது என்றால் அவிழ்க்கத்தான் வேண்டும். எனவே தளர்வான பின்னல் இரு சாராருக்கும் வசதி. உறைந்த எண்ணெயோ வெண்ணெயோ படலமாகக் கட்டியிருந்தால் முதலில் அதைப் போக்கிவிடுங்கள். நீர் படுவதை அது தடுக்கும்.

ஈரத்தலையால் சளி பிடிக்கும் என்று நாம் காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். சளியைக் கொண்டுவருவது கிருமி, ஈரம் அன்று. ஆயினும் கடுங்குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகச் சொல்ல மாட்டேன். வேறு வழியில்லாத விடியலில் உலர்த்தும் கருவியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். குறைந்த சூட்டில், ஒரு சாண் அளவு தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். கொரிய ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், 15 சென்டிமீட்டர் தொலைவில் அசைத்துக்கொண்டே உலர்த்தியது, வெகுநேரம் ஈரமாகவே விட்டதைவிட முடியின் உட்பகுதிக்குக் குறைந்த தீங்கே செய்தது. தீங்கு இடுக்கியில்தான்.

இரவிலேயே முடியும் அலங்காரம்

"சுருளும் அலையும் வேண்டுமே!" என்பார்கள் இளம்பெண்கள். கணவர் பார்க்க அலங்கரித்துக்கொள்வதில் என்ன தவறு? சூடில்லாமலே அது கைகூடும். முடியிலுள்ள மெல்லிய பிணைப்புகள் சில நீர் பட்டால் அவிழ்கின்றன. காயும்போது எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே மீண்டும் பூட்டிக்கொள்கின்றன. ஆகவே முக்கால் பங்கிற்கு மேல் காய்ந்த கூந்தலை இஷாவுக்குப் பின் இரட்டைப் பின்னலிட்டு உறங்கினால் காலையில் அழகான அலை கிடைக்கும். பின்னல் பல ஆனால் அலை நெருங்கும். பெரிய சுருள் வேண்டுவோர் பழைய பருத்தித் துணிக் கீற்றுகளில் முடியைச் சுற்றி முடிச்சிடுங்கள். நேராக வேண்டுவோர் கூந்தலைத் தலையைச் சுற்றி வழித்துப் படியவைத்து, பட்டுத்துணியால் கட்டிக்கொள்ளுங்கள். முழுக்க ஈரமாக இருக்கும்போது பின்னினால் காலையிலும் உள்ளே ஈரம் நிற்கும். இது எங்கள் வீட்டில் இருமுறை நடந்தது!

தலையணை உறை பருத்தியானால் முடியின் ஈரத்தை அது உறிஞ்சும், உராயும். ஸாட்டின் உறையோ ஸாட்டின் தொப்பியோ அணிந்து படுப்பது அந்தச் சோமாலிய அம்மையாரின் வீட்டில் சிறு பெண்பிள்ளைக்கும் வழக்கம். முக்காட்டுக்குள் அணியும் தொப்பிக்கும் ஸாட்டின் உள்துணி தைத்துக்கொள்ளலாம். கம்பளித் தொப்பி நேரடியாக முடியில் படவே கூடாது.

நெற்றியோரம் பின்வாங்கியதற்கு விடை அந்தத் தொப்பியில்தான் இருந்தது. இறுக்கமான உள்தொப்பி, அதன்மேல் உச்சியில் இறுக்கிய கொண்டை, ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் வகிடு. இழுபட்டே அந்த முடி போயிருக்கிறது. நெடுங்காலம் விட்டால் வேர் செத்துவிடும், பிறகு திரும்பாது. பிடரியில் தளர்ந்த பின்னல், வாரம் ஒருமுறை வகிடு மாற்றம், வீட்டுக்கு வந்ததும் தலையை அவிழ்த்துவிடுதல் ஆகியவற்றைத் தொடங்கினோம். ஹியூமிடிஃபையர் ஒன்றையும் மருமகன் வாங்கி வந்தார். அறையின் ஈரப்பதம் நூற்றுக்கு 35 அளவில் நின்றதும் பிள்ளையின் மூக்கடைப்பும் தீர்ந்தது. அதற்குமேல் ஏற்றினால் சன்னல் கண்ணாடியில் நீர் வழிந்து பூஞ்சை பிடிக்கும்.

மே மாதம் நான் ஊர் திரும்பும்போது மகளின் நெற்றியோரத்தில் விரல்நகம் அளவுக்குப் புதுமுடி நின்றது. வழியனுப்ப வந்த சோமாலிய அம்மையார் ஒரு பொட்டலம் பச்சைப் பொடி தந்தார். கஸில் என்பார்கள், நுரைக்கும், தலைக்கும் முகத்துக்கும் தேய்த்துக் கழுவலாம். எந்த மரத்தின் இலை என்று மகளை விட்டு விசாரித்தேன். இலந்தை மரமாம்! எங்கள் தெருக்கோடியில் ஒன்று நிற்கிறது. அதன் பழத்தை மட்டும்தான் இதுவரை பொறுக்கித் தின்றிருக்கிறோம்.