குறைத்து வாங்கச் சொல்லும் வணிகர்

தாம் விற்கும் பொருளைக் குறைத்து வாங்குமாறு சொல்லும் வணிகரை நாம் கண்டதுண்டோ? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், குழாய் வழியே வீடுகளுக்கு இயற்கை வாயு வழங்கும் பெருங் கம்பெனிகள் அவ்வாறே சொல்கின்றன. வறிய குடும்பத்தினரின் இல்லங்களுக்கு ஆட்களை அனுப்பிக் கதவிடுக்குகளை அடைத்து, வெப்பம் வெளியேறாதிருக்கக் கூரையின் கீழ்ப் பஞ்சு போன்ற தடுப்புப் பொருளைப் பரப்பிக் கொடுக்கின்றன. இதற்கு அக்குடும்பத்தார் பணம் செலுத்த வேண்டியதில்லை. செலவு பாவனையாளர் அனைவரின் கட்டணத்திலிருந்தும் பெறப்படுகிறது.

ஆனால், விற்பனை குறைந்தால் கம்பெனிக்கு நட்டமன்றோ? அதற்கும் வழி கண்டனர். விற்பனைக்கும் வருவாய்க்கும் இருந்த பிணைப்பை அம்மாநில ஆணைக்குழு 1978ஆம் ஆண்டிலேயே தளர்த்தியது. அனுமதித்த வருவாயிற் குறைந்தது பின்னர்க் கட்டணத்திற் சேர்க்கப்படும், மிகுந்தது கழிக்கப்படும்.

நல்லது செய்பவன் நட்டமடையாதவாறு விதியமைத்தால், நல்லது தானே நடக்கும் என்பதை நாம் இதனால் அறிகின்றோம்.