ஸ்கூடாயிலிருந்து சுங்கைப்பட்டாணி வரை: இரண்டு வயதுப் பிள்ளையோடு ஒரு நெடும்பயணம்

ஜொகூரில் படித்த காலத்தில் தீபாவளி விடுமுறை என்றால் எனக்கு லார்கின் பேருந்து நிலையம்தான் நினைவுக்கு வரும். இரவுப் பேருந்தில் ஏறிக் கண்ணை மூடினால், விடிந்ததும் வடக்கே ஊரில் இறங்கிவிடலாம். அதே தூரத்தை இரண்டு வயது மகனோடு கடப்பது வேறு கதை என்பது 2024 தீபாவளிக்கு இரண்டு நாள் முன்புதான் எனக்குப் புரிந்தது. கழகத்தில் என்னோடு இருந்தவர்கள் பலர் இன்று பிள்ளை குட்டிகளோடு இருக்கிறார்கள். இன்று மாணவராக இருப்பவர்களுக்கும் இது ஒருநாள் பயன்படலாம். அதனால் எழுதுகிறேன்.

ஸ்கூடாயிலிருந்து சுங்கைப்பட்டாணிக்கு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 700 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினால் எட்டு மணி நேரம் என்று கைப்பேசி காட்டியது. எங்களுக்குப் பன்னிரண்டரை மணி நேரம் ஆனது. சிறு பிள்ளையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து இருக்கையில் கட்டி வைக்கக்கூடாது. மாச்சாப், பாகோ, ஆயர் குரோ என்று நின்று நின்றுதான் போக வேண்டும். அதைக் கணக்கில் சேர்க்காமல், "மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவோம்" என்று அக்காவிடம் சொன்னது என் முட்டாள்தனம்.

இரவில் கிளம்பினால் பிள்ளை தூங்கிவிடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் ஓட்டுபவரின் உடலும் அந்த நேரத்தில் தூக்கத்தைத்தான் கேட்கும். நள்ளிரவுக்குப் பிறகு, அதிலும் இரண்டு மணியிலிருந்து விடியும் வரை, கண் தானாகச் சொக்கும். காப்பி ஓரளவுதான் உதவும். அதனால் நானும் என் கணவரும் ஒன்பது மணிக்கே படுத்து, விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். எங்கள் வீட்டில் தங்கியிருந்த என் அம்மாவும் எங்களோடு ஊருக்கு வந்தார்.

மாச்சாப் ஆர் அண்ட் ஆரில் மகன் விழித்துக்கொண்டான். பெம்பர்ஸ் மாற்றி, பால் கொடுத்து, திரும்ப இருக்கையில் உட்கார வைக்கப் பார்த்தால் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அழுகிறான். பத்து நிமிடம் போராடினோம். "என்கிட்ட குடு. நீயெல்லாம் எந்தச் சீட்டுல வளர்ந்த? என் மடியிலதானே வளர்ந்த" என்றார் அம்மா. தோட்டத்தில் லாரியின் பின்னால் நின்றுகொண்டு பள்ளிக்கூடம் போன தலைமுறை அவருடையது. யோங் பெங் வரைக்கும்தானே என்று நானும் விட்டுவிட்டேன். பொறியியல் படித்தவள் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

இரு பக்கமும் செம்பனை மரங்கள். விடிந்தும் விடியாத வெளிச்சம். முன்னால் போன லாரி திடீரென்று வேகம் குறைக்க, என் கணவர் பிரேக்கை அழுத்தினார். மோதல் எதுவும் இல்லை. ஆனால் பிள்ளை அம்மாவின் கைகளிலிருந்து நழுவி, முன் இருக்கையின் முதுகில் நெற்றி இடித்துக் கீழே விழுந்தான். எலுமிச்சை அளவு புடைத்துவிட்டது. யோங் பெங்கில் ஒரு கிளினிக் திறக்கும் வரை காத்திருந்து காட்டினோம். பயப்பட ஒன்றுமில்லை என்றார் மருத்துவர். வாந்தியோ வழக்கத்துக்கு மாறான தூக்கமோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். அதுவரை என் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

காத்திருந்த நேரத்தில் அவருக்கு ஒரு கணக்குச் சொன்னேன். கடும் பிரேக்கில் என் மகனின் 12 கிலோ எடை, ஏறக்குறைய 10 கிலோ சுமையின் விசையோடு முன்னால் இழுக்கும். அதையே அம்மாவால் பிடிக்க முடியவில்லை. பிரேக்காக இல்லாமல் மோதலாக இருந்தால்? மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதன் மேலாவது மோதி 0.1 வினாடியில் நின்றால், அந்த விசை 170 கிலோ சுமைக்குச் சமம். வேகம் இரட்டித்தால், அதே நேரத்தில் நின்றால், விசையும் இரட்டிக்கும். நெடுஞ்சாலையில் 110 வரை போகிறோம். எந்தப் பாசமுள்ள கையாலும் அதைத் தாங்க முடியாது. தன் பெல்ட்டுக்குள்ளேயே பிள்ளையையும் சேர்த்துக் கட்டுவது இன்னும் மோசம். பின்னாலிருக்கும் பெரியவரின் எடை முழுவதும் பிள்ளையை பெல்ட்டோடு நசுக்கும்.

நம் நாட்டில் பின் இருக்கைக்கும் பெல்ட் கட்டாயமானது 2009 ஜனவரியில். தனியார் கார்களில் குழந்தை இருக்கை கட்டாயமானது 2020 ஜனவரி 1-இல். வாங்கும்போது ஆர்44 அல்லது ஆர்129 என்ற ஒட்டுவில்லை இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்129 தரப்படி குறைந்தது 15 மாதம் வரை பிள்ளை பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும், ஏனென்றால் அந்த வயதில் தலை கனம், கழுத்து பலவீனம். காற்றுப்பை உள்ள முன் இருக்கையில் அப்படி வைக்கவே கூடாது. பொருத்திய பிறகு அடிப்பாகத்தை ஆட்டிப் பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசைந்தால் சரியாகக் கட்டவில்லை என்று பொருள். தோள் வாரை இரு விரலால் கிள்ளிப் பிடிக்க முடிந்தால் இன்னும் இறுக்க வேண்டும்.

யோங் பெங்கிலிருந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். ஆயர் குரோ வரை அழுதான், பிறகு தூங்கினான். அழட்டும். இருமல் மருந்து கொடுத்துத் தூங்க வைக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அது ஆபத்து, பிள்ளையின் மூச்சையே பாதிக்கும்.

சாப்பாட்டுக்கு இட்லியும் வாழைப்பழமும் போதும். அம்மா கட்டி வைத்திருந்த முறுக்கையும் கச்சான் பூத்தேயையும் பெரியவர்களுக்கு என்று ஒதுக்கினேன். ஓடும் காரில் கடலை தொண்டையில் சிக்கினால், நிறுத்துவதற்குள் நேரம் கடந்துவிடும்.

கைப்பேசியைக் கொடுத்ததுதான் என் இரண்டாவது தவறு. ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதைக்குப் போகும் மலை வளைவுகளில் வாந்தி எடுத்தான். மருத்துவர் சொன்னது நினைவுக்கு வர, எனக்கு உயிரே போய்விட்டது. கோலகங்சாரில் இறங்கி மருத்துவமனையில் காட்டினோம். தலையில் ஒன்றுமில்லை, பயண மயக்கம்தான் என்றார்கள். உள்காது உடல் ஆடுகிறது என்கிறது, திரையைப் பார்க்கும் கண்ணோ ஆடவில்லை என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டல். இரண்டு வயதுக்குள் இது அரிது. அதன் பிறகு பன்னிரண்டு வயது வரைதான் அதிகம். தொலைவில் மலையைக் காட்டிப் பேச்சுக் கொடுப்பதே நல்ல வைத்தியம்.

இன்னொன்று. ஓய்விடத்தில் தூங்கும் பிள்ளையைக் காரில் விட்டு "ஒரு நிமிஷம்" என்று இறங்காதீர்கள். வெயிலில் மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் வெப்பம் 10 பாகை வரை ஏறும். பிள்ளைகளின் உடல் நம்மைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடாகும். சன்னலைச் சிறிது திறந்து வைப்பதால் பெரிய பயன் இல்லை.

மாலை ஐந்தரைக்கு, இடியும் மழையுமாக, சுங்கைப்பட்டாணி வந்து சேர்ந்தோம். அக்காவின் மகளுக்கு நான்கு வயது. அம்மா பையைக் கீழே வைக்கும் முன்பே, "இவளுக்குச் சீட்டு எங்கே?" என்று கேட்டார். மறுநாளே தெரிந்தவர் ஒருவர் தம் பிள்ளையின் பழைய இருக்கையைக் கொண்டு வந்தார். நல்ல மனத்தோடுதான் கொடுத்தார். ஆனால் அது ஏதாவது விபத்தைக் கண்டதா என்று அவருக்கே தெரியவில்லை. தயாரித்த ஆண்டும் அழிந்திருந்தது. நன்றி சொல்லி, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டோம்.