மகள் திருமணம் மலேசியாவில். பதவிக்குக் கண்டம் தைப்பேயில்

2013ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் தேதி. தைவான் நாடாளுமன்றத் தலைவர் வாங் ஜின்-பிங், மகளின் திருமணத்தை நடத்தி வைக்க மலேசியாவுக்கு வந்துகொண்டிருந்தார். அவர் ஊரில் இல்லாத அந்த வேளையில், தைப்பேயில் சிறப்புப் புலனாய்வுப் பிரிவு செய்தியாளர்களைக் கூட்டி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. எதிர்க்கட்சிக் கொறடா கே ஜியான்-மிங் மீதான வழக்கில் அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்யாமல் இருக்க, வாங் சட்ட அமைச்சரிடமும் ஒரு வழக்கறிஞரிடமும் பரிந்து பேசினார் என்பதே குற்றச்சாட்டு. கேயின் தொலைபேசியை ஒட்டுக்கேட்டபோது இது தெரிய வந்ததாம். சட்ட அமைச்சர் அன்றே பதவி விலகினார்.

வாங் ஆளும் கோமின்டாங் கட்சிக்காரர். அவரை வீழ்த்த முனைந்ததும் எதிர்க்கட்சி அல்ல. அதே கட்சியின் தலைவரும் நாட்டின் அதிபருமான மா யிங்-ஜியோதான். ஒரே கட்சிக்குள் ஏன் இந்தப் பகை?

அதைப் புரிந்துகொள்ள வாங் வந்த வழியைப் பார்க்க வேண்டும். தெற்கே காவ்சியுங் வட்டாரத்தில் லூசூ என்ற ஊரில் 1941இல் பிறந்தவர். கல்லூரியில் படித்தது கணிதம். 1975 தேர்தலில் வென்று சட்டமன்றத்துக்குள் நுழைந்தபோது வயது 34. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் 1948இல் சீனப் பெருநிலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட முதியவர்கள். பெருநிலத்தை மீட்கும்வரை தேர்தல் இல்லை என்று சொல்லியே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நாற்காலியை விடாதவர்கள் அவர்கள். எல்லா இடங்களுக்கும் மக்கள் வாக்களித்த தேர்தல் 1992 டிசம்பரில்தான் நடந்தது. வாங்கோ உள்ளூர்ப் பிள்ளை. காவ்சியுங்கில் 'வெள்ளை அணி' எனப்படும் உள்ளூர் அரசியல் குழுவின் பெரிய கை. கல்யாணம், கருமாதி, கோயில் விழா என்று போய் நின்று வளர்ந்த அரசியல் அது. ஹாங்காங்கில் பிறந்து ஹார்வர்டில் சட்டம் படித்த மாவுக்கு அந்த உலகமே அந்நியம். 2005 ஜூலையில் இருவரும் கட்சித் தலைமைக்கு மோதினார்கள்; மா 72 விழுக்காட்டுக்கு மேல் பெற்று வென்றார். அந்தக் காயம் ஆறவேயில்லை.

வாங் 1999 பிப்ரவரியில் அவைத்தலைவரானார். அடிதடிக்கும் மேடையை முற்றுகையிடுவதற்கும் உலகப் புகழ் பெற்ற அவை அது. அங்கே 17 ஆண்டுகள் தாக்குப்பிடித்ததன் ரகசியம் 'கட்சிகள் கலந்தாய்வு' என்னும் முறை. சிக்கலான மசோதா வந்தால் அவைத்தலைவர் எல்லாக் கட்சிப் பிரதிநிதிகளையும் அறைக்குள் அழைத்துப் பேசுவார். எல்லாரும் கையெழுத்திட்டால் மசோதா எளிதாக நிறைவேறும். இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டும். மூன்றே உறுப்பினர் உள்ள சிறு கட்சிக்கும் அந்த அறையில் நாற்காலி உண்டு. எந்தத் தரப்பும் வெறுங்கையோடு திரும்பாமல் பார்த்துக்கொண்டதால், 'நியாயத்துப் பெரியப்பா' என்று பொருள்படும் பட்டப்பெயர் வாங்கிற்குக் கிடைத்தது. கதவைச் சாத்திக்கொண்டு பேரம் பேசுகிறார்கள், மக்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை என்ற குறையும் கூடவே இருந்தது. அது நியாயமான குறைதான்.

மாவின் கோபத்துக்கும் அந்த அறைதான் காரணம். 2012 தேர்தலில் கோமின்டாங் 113இல் 64 இடங்களை வென்றது. பெரும்பான்மை கையில் இருந்தும் தம் மசோதாக்கள் ஏன் நகரவில்லை என்று அவர் குமைந்தார்.

செப்டம்பர் 10ஆம் தேதி இரவு வாங் தைவான் திரும்பியபோது, விமான நிலையத்தில் ஆதரவாளர்கள் திரண்டு நின்றார்கள். மறுநாளே கட்சியின் ஒழுங்குக் குழு அவரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. இதில் ஒரு நுட்பம் உண்டு. வாங் தொகுதியில் வென்றவர் அல்ல. கட்சிப் பட்டியல் வழியாக வந்தவர். வாக்காளர் கட்சிக்கு வாக்களிக்க, கட்சி தன் பட்டியலிலிருந்து ஆளை அனுப்பும். உறுப்பினர் அட்டை போனால் நாடாளுமன்ற இடமும் போகும். இடம் போனால் தலைவர் பதவியும் போகும். ஒரே கல்லில் மூன்று மாங்காய்.

ஆனால் மாங்காய் விழவில்லை. வாங் நீதிமன்றத்துக்கு ஓடினார். 13ஆம் தேதி, 93 லட்சத்து 80 ஆயிரம் தைவான் டாலர் பிணைத்தொகையின் பேரில் இடைக்காலத் தடை கிடைத்தது. அந்த மாத இறுதியில் இன்னொரு கூத்து வெளிவந்தது. புலனாய்வுப் பிரிவு ஒட்டுக்கேட்கச் சொன்ன எண்களில் ஒன்று நாடாளுமன்றத்தின் பொதுத் தொலைபேசி எண்ணே! தலைமை வழக்கறிஞர் ஹுவாங் ஷி-மிங் மன்னிப்புக் கேட்டார். விசாரணை ரகசியத்தை அதிபரிடம் கசியவிட்ட குற்றத்துக்காக 2014 மார்ச்சில் அவருக்கே தண்டனை கிடைத்தது. அந்தச் சிறப்புப் பிரிவு 2017இல் கலைக்கப்பட்டது.

வாங் பக்கம் முழு நியாயம் என்றும் சொல்லிவிட முடியாது. பரிந்துரைக்கவில்லை என்று அவர் மறுத்தார், வழக்கும் தொடரப்படவில்லை. இருந்தாலும், நடந்து முடிந்த ஒரு வழக்கைப் பற்றி அவைத்தலைவர் சட்ட அமைச்சரிடம் பேசுவானேன் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

2014 மார்ச் 18 இரவு, சீனாவுடனான சேவை வணிக ஒப்பந்தத்தை எதிர்த்து மாணவர்கள் அவைக்குள் புகுந்து அமர்ந்தார்கள். மறுநாள், வாங்கின் கட்சி உறுப்புரிமை செல்லும் என்று தைப்பே மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவைக்குள் காவல் துறையை அழைப்பது தலைவரின் கையில், வாங் அழைக்கவில்லை. அதிபர் கூட்டிய கூட்டத்துக்கும் போகவில்லை. சில நாள் கழித்து அமைச்சரவைக் கட்டடத்துக்குள் நுழைந்த கூட்டத்தைத் தடியாலும் தண்ணீர்ப் பீரங்கியாலும் விரட்டினார்கள். நாடாளுமன்றத்திலோ ஏப்ரல் 6ஆம் தேதி வாங் நேரில் வந்தார். சீனாவுடனான ஒப்பந்தங்களைக் கண்காணிக்கும் சட்டம் வரும்வரை, இந்த ஒப்பந்தம் குறித்துக் கலந்தாய்வைக் கூட்டுவதில்லை என்று வாக்குக் கொடுத்தார். 10ஆம் தேதி மாணவர்கள் வெளியேறினார்கள். அந்த ஒப்பந்தம் கடைசிவரை நிறைவேறவில்லை.

2015இல் புதிய கட்சித் தலைவர் எரிக் சூ வாங்கிற்கு எதிரான வழக்கைக் கைவிட்டார். 2016 தேர்தலில் ஜனநாயக முற்போக்குக் கட்சி 68 இடங்களைப் பிடித்தது. வாங் தலைவர் நாற்காலியை விட்டு இறங்கிச் சாதாரண உறுப்பினராக அமர்ந்தார். அவருக்குப் பின் அந்தக் கலந்தாய்வு அறைக்குள் நேரலைக் கேமராக்கள் வந்தன. 2019இல் அதிபர் தேர்தலுக்கு நிற்கப் போவதாக அறிவித்தார். ஜூனில் கட்சியின் உள்தேர்விலிருந்து விலகிக்கொண்டார். 2020 ஜனவரி 31ஆம் தேதி பதவிக்காலம் முடிந்தபோது, அந்த அவையில் அவர் கழித்த ஆண்டுகள் 44.